தொண்டைமண்டலக் குடியேற்றமும் புழற்கோட்டைக் குறும்பரும்

சென்ற ஆண்டு விழாவின்கண், வழக்கம்போல் ஆதொண்டச் சக்கரவர்த்தியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுமாறு எனக்குக் கட்டளை பிறந்தது. யானும் கூறி அமர்ந்தேன். அப்பொழுது கடைசி வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தோற்ற குறும்பர்கள் பிறகு எங்கே போனார்கள்?" என்று வினவினான். பெரியோர் சிலர் நகைத்தனர். தலைவர் அவர்களும் நேரமாயிற்று என மணி அடித்தனர். எனக்கு நகை தோன்றவில்லை. பல்லாண்டுகளாக மேடைதோறும் இக்கதையைச் சொல்லி வந்த யான், ஒரு முறையேனும் அவ்வினாவை என் நெஞ்சோடு வினவியதில்லை என்னும் நாணமே தோன்றிற்று. விடை தேடும்பொருட்டுப் பழைய நூல்களையும் கல்வெட்டுச் செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்கியதன் பயனே இக்கட்டுரை. இதன்கண் நம் பெருமைக்கு உரியனவும் உள. நாம் தலைகுனிதற்கு உரியனவும் உள. இரண்டையும் ஒளியாது கூறுதலே ஆசிரியன் கடனாகும்.

1. வழங்கி வரும் கதை

இளைஞர் பொருட்டுக் கதையை முதற்கண் கூறுவேன். முன்னாளில் இந்நாடு குறும்பர் என்னும் குடியினர் ஆட்சியில் இருந்தது என்பர். அவர் ஆடு மேய்த்தும் வேட்டம் புரிந்தும் வாழ்ந்தவர். சமண் சமயம் தழுவியவர். நாட்டை இருபத்து நான்காகப் பகுத்து, பகுதிக்கு ஒரு கோட்டை எடுத்தவர். அவற்றுள் தலைமையானது செங்குன்றத்தை அடுத்த புழற்கோட்டை. ஓணன், வாணன் என்னும் தலைவர் இருவர் அதனைக் காத்து நின்றனர்.

குலோத்துங்க சோழன் மைந்தனாகிய ஆதொண்டன் படையொடு வந்து அவரைப் பொருதான். முதற் போரில் அவனே பின்னிட்டான். மனம் தளர்ந்து மீளும் வழியில், முல்லைக் காடு ஒன்றில் அவன் ஏறியிருந்த யானையின் காலைக் கொடி சுற்றிக்கொண்டது. அக்கொடியை வாளால் வீசினான். வீசிய இடத்தே குருதி பெருகிற்று. இறங்கிப் பார்த்தபொழுது, கொடியின் அடியில் வெட்டுண்ட சிவலிங்கத்தைக் கண்டு உள்ளம் பதறித் தன்னையே மாய்த்துக்கொள்ள முற்பட்டான். இறைவன் வெளிப்பட்டு, வெட்டுண்டும் யாம் மாசிலாமணியாகவே உள்ளோம் என்று தேற்றி, நந்திதேவரைத் துணையாக அனுப்பினான். புழற்கோட்டை வீழ்ந்தது. அக்கோட்டையில் இருந்த வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டைக் கொணர்ந்து கருவறை முன் நிறுத்தி, மன்னன் திருக்கோயில் எடுத்தான்.

இது வடதிருமுல்லைவாயில் தலவரலாறு. அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே உள்ள அத்திருக்கோயிலுக்குச் செல்வோர் இக்கதையின் உறுப்புக்களை இன்றும் கண்ணாற் காணலாம். மாசிலாமணீசுவரர் திருமுடியில் வாள் பட்ட வடு உண்டு என்பதனால் எப்பொழுதும் சந்தனக் காப்புச் சாத்தப்பெறுகின்றது. நந்தி, இறைவனை நோக்காது, போர்க்குப் புறப்பட்ட நிலையில் புறம் நோக்கி இருக்கின்றது. எருக்கந் தூண்கள் இரண்டும் பூண் இட்டு நிற்கின்றன.

போர் முடிந்த பின்னர் மன்னன் காடு கெடுத்து நாடாக்கினான். துளு நாடு, சோழ நாடு முதலிய இடங்களினின்றும் வேளாண் குடிகளை அழைத்து வந்து ஊர்தோறும் அமர்த்தினான். அவர்க்குக் காணியாட்சி வழங்கினான். நாட்டை 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் வகுத்தான். அங்ஙனம் வந்தவரே நம் முன்னோர் என்பது கதையின் முடிபு.

2. காலம் இடம் கொடாமை

இக்கதையை வரலாறாகக் கொள்வதற்குக் காலம் இடம் கொடுக்குமா என்பதை இனி ஆராய்வோம். முதற் குலோத்துங்கன் அரியணை ஏறியது கி. பி. 1070-ஆம் ஆண்டு. அவன் மைந்தன் ஆதொண்டன் எனின், குறும்பர் வீழ்ச்சியும் வேளாளர் குடியேற்றமும் பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலோ பன்னிரண்டாம் நூற்றாண்டிலோ நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

ஆயின் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுல்லைவாயிற் பதிகத்திலேயே, தொண்டைமானது களிற்றை முல்லைக்கொடி கட்டிய செய்தியும், அவனுக்கு இறைவன் வெளிப்பட்டு அருளிய செய்தியும் வந்துள்ளன. சுந்தரர் காலம் குலோத்துங்கனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முற்பட்டது. பேரன் திருமணத்தைப் பாட்டன் பிறப்பதற்கு முன்னரே ஒருவர் பாடினார் என்றால் நாம் ஒப்புவோமா? எனவே முல்லைக்கொடிக் கதை பழமையானது. அதனைக் குலோத்துங்கன் மைந்தன்மேல் ஏற்றியது பிற்காலத்தார் செயல் என்பது தெளிவு. அப்பதிகம் தொண்டைமான் என்று மட்டுமே கூறுவதும் நோக்கத்தக்கது.

அஃதன்றியும், தொண்டைமான் என்னும் பெயரோ அதனினும் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். சங்க காலத்திலேயே இந்நாட்டில் ஊரும் உழவும் இருந்தமைக்கு அப்பாட்டே சான்று.

கோட்டம் என்னும் பிரிவைப் பற்றியும் ஒரு சொல். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதற் பரமேசுவரவர்மனது கூரம் செப்பேட்டில் ஊற்றுக்காட்டுக் கோட்டம் குறிக்கப்பட்டுள்ளது. அச்செப்பேடே பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றினின்றும் அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகுக் காலையும் கூறுகின்றது. ஆகவே குலோத்துங்கனுக்கு நானூறு ஆண்டு முன்னரே கோட்டமும் இருந்தது, ஏரியும் இருந்தது, ஏரிப்பாய்ச்சலும் இருந்தது. வெறுங் காட்டில் நம்மவரே முதல் ஏர் பூட்டினர் என்னும் உரை இச்சான்றுகளின் முன் நில்லாது.

அங்ஙனமாயின் கதை முழுப் பொய்யோ எனின், அன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதல் ஆதித்த சோழன் பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழர் ஆட்சிக்கு உட்படுத்தினான். ஆதித்தன் என்னும் பெயரே ஆதொண்டன் எனத் திரிந்தது போலும் என்று கருதுவாரும் உளர். முதல் இராசராசன் காலத்தில் இம்மண்டலம் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. இங்ஙனம் வென்ற நாட்டில் வென்றவர் நாட்டுக் குடிகள் வந்து அமர்தல் எங்கும் உள்ள வழக்கமே. ஒரு முறையன்று, பல முறையும், பல திசையினின்றும், பல நூற்றாண்டுகளாக மக்கள் இங்கு வந்தனர். பல வரவுகளையும் ஒரே வரவாகவும், பல மன்னரையும் ஒரே மன்னனாகவும் சேர்த்து முடிந்த முடிச்சே ஆதொண்டன் கதை எனக் கொள்க.

ஊர்க்கதைகள் எத்துணை விரைவில் முளைக்கும் என்பதற்கு நம் கண்முன்னரே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆவடி என்னும் பெயர், டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துக்களைக் கூட்டி ஆக்கியது என்று என் மாணவர் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். அத்தொழிற்சாலை எழுந்தது 1960-களில். காங்கிரசு மகாசபையின் புகழ் பெற்ற ஆவடி மாநாடு கூடியதோ 1955-ஆம் ஆண்டில். பிறவாத ஆலை ஊருக்குப் பெயர் இட்டதெங்ஙனம்? ஒரு தலைமுறைக்குள் இத்துணைப் பிழை வேரூன்றுமாயின், எட்டு நூற்றாண்டில் எத்துணை வேரூன்றும் என்பதை அன்பர்களே அளந்துகொள்க.

3. கதை பத்திரம் ஆன காலம்

இக்கதை கோயிலையும் திண்ணையையும் விட்டுக் கச்சேரி ஏறிய காலம் ஒன்று உண்டு. 1763-ஆம் ஆண்டில் நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியார்க்குச் சாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்பவர் ஊர் ஊராக அளந்து, நிலம், ஏரி, வீடு, குடி, மானியம் யாவற்றையும் கணக்கெழுதினார். 1794 முதல் 1798 வரை லயனல் பிளேசு என்பவர் கலெக்டராய் இருந்து வரி வாங்குவதில் மிகக் கடுமை காட்டினார். நிலம் யாருடையது, சர்க்காருடையதா, காணியாளருடையதா என்னும் வழக்கு அப்பொழுது முற்றிற்று.

அவ்வழக்கைத் தீர்க்கும்பொருட்டு சென்னை அரசாங்கத்தார் விடுத்த பதினேழு வினாக்களுக்குச் சென்னைக் கலெக்டராய் இருந்த எல்லிசு துரை விடை எழுதினார்; அது 1818-இல் நூலாக அச்சேறிற்று. எல்லிசு தமிழை முறையாகக் கற்றவர், திருக்குறளில் தோய்ந்தவர், தென்மொழிகள் வடமொழியின் வழிவந்தன அல்ல, தனியினத்தன என்பதை 1816-இலேயே எழுத்தில் நாட்டியவர். அவர் நம் நாட்டுப் பெரியோரையும் பழைய ஏடுகளையும் சான்றாக வைத்து, ஆதொண்டன் குடியேற்றத்தினின்றே காணியாட்சி உரிமை பிறந்தது என்று விளக்கினார்.

நம் முன்னோர் அங்ஙனம் கூறியதில் வியப்பில்லை. எளிதில் வரியை உயர்த்தவும் நிலத்தைப் பிறர்க்கு மாற்றவும் வல்ல புதிய அரசின் முன், பழைய அரசன் கொடுத்த கொடை என்பதைக் காட்டிலும் வலிய சான்று வேறு யாது? யுசீன் இர்சிக் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 1994-இல் வெளியிட்ட நூலில், தொண்டை நாட்டின் பழமை பற்றிய கருத்து அக்காலத்துத் துரைமாரும் உள்ளூராரும் மாறி மாறிப் பேசிய பேச்சினால் உருப்பெற்றது என்று காட்டியுள்ளார். கதை அன்று பத்திரமாயிற்று. பத்திரமான பின் அதில் யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடப்பட்டது என்பது பெரும் பொருளாயிற்று.

எம் இல்லத்துப் பழம் பெட்டியில் ஒரு விலையாவணம் உண்டு. நிதி, நிட்சேபம், நீர், பாடாணம் என அட்டபோகங்களும் அதில் முறையாக எண்ணப்பட்டுள்ளன. மண்ணுள் புதைந்த பொருளுக்கும், மண்மேல் கிடந்த கல்லுக்கும் அதில் இடம் உண்டு. அந்நிலத்தில் நாற்று நட்ட கைகளுக்கு இடம் இல்லை.

அக்கைகள் யாருடையவை? ஏர் பிடித்தவரும் ஏரிக்கரை கட்டியவரும் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். அவருட் பலர் அந்நாளில் காணியாளரின் அடிமையாளாகவே இருந்தனர். எல்லிசும் இதனை மறையாது எழுதியுள்ளார். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏலாதவாறு செய்தது. சட்டம் ஏட்டில் மாறிய பின்னரும் நிலம் மாறவில்லை. தரிசு நிலத்தை எவரேனும் பட்டாவுக்கு வேண்டினால், காணியாளர்க்கே முதலுரிமை என்பது வழக்காயிருந்தது. சேரியில் உள்ள மனையும் தமதே என்று கூறிக் குடியிருப்போரை எழுப்பிவிடுவதாக அச்சுறுத்திய காணியாளரும் இருந்தனர். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்கீர் இந்நிலையை விரிவாக எழுதி மேலிடத்துக்கு விடுத்தார். அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு அரசாணை 1010 பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று வழங்கப்பெறுவன அவ்வாணையின் வழி வந்தவையே.

அந்நாளில் காணியாளர் தம் முதலுரிமைக்கு அடிப்படையாகக் காட்டியது யாது? காடு கெடுத்து நாடாக்கியவர் நாங்களே என்னும் இக்கதையே. ஒரு தலைமுறையில் வலியார்முன் கேடயமாய் நின்ற கதை, அடுத்த தலைமுறையில் மெலியார்மேல் வாளாயிற்று. இதனைச் சொல்லுதற்கு என் நா கூசுகின்றது. சொல்லாது விடின் மனம் கூசும்.

இதனால் நம் முன்னோர் உழைப்பைச் சிறுமைப்படுத்தினேன் என்று எவரும் கருதற்க. கோடைக்குக் கோடை ஏரியைத் தூர் வாரியும், மதகு காத்தும், பங்கும் கரையும் வகுத்து நீரை முறை வைத்தும், பஞ்சத்திலும் படையெடுப்பிலும் ஊரை விடாது பிடித்து நின்றும் வாழ்ந்த அவர் பெருமை பெருமையே. அப்பெருமைக்குத் தனியுரிமை கொண்டாடியதே பிழை.

4. பனித்தீவினர் செய்த பதிவு

குடியேறியோர் தம் வரலாற்றை எங்ஙனம் எழுதி வைத்தல் வேண்டும் என்பதற்கு, உலகின் மறு கோடியில் உள்ள ஒரு சிறு மக்களின் செய்தி நமக்கு மிகவும் பயன்படும். ஐரோப்பாவின் வடமேற்கே ஐஸ்லாந்து என்னும் பனித்தீவு உளது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதாவது இங்கே ஆதித்த சோழன் தலையெடுத்த காலத்தில், நார்வே முதலிய நாட்டினர் அங்குக் குடியேறினர். யார் எந்தக் கடற்கழியில் இறங்கினார், எந்த ஆறு முதல் எந்த மலை வரை நிலம் கொண்டார், அவர் மக்கள் யாவர் என்பவற்றை அவர்கள் 'நிலங்கோள் நூல்' என்னும் பொருள்படும் ஒரு நூலில் தொகுத்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கட் பெயரும், ஏறத்தாழ ஆயிரத்து நானூறு இடப்பெயரும் அதில் உள்ளன.

அத்தீவின் வரலாற்றை முதலில் எழுதியவர் ஆரி என்னும் சமயகுரு. அவர் எழுதியது 1122-க்கும் 1133-க்கும் இடையே. நம் குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணம் இயற்றுதற்குச் சில ஆண்டுகளே முற்பட்டது. அவர் தம் சிறு நூலில், நம்மவர் வருமுன் இத்தீவில் அயர்லாந்துத் துறவியர் சிலர் இருந்தனர், வேற்றுச் சமயத்தாரோடு வாழ விரும்பாது அவர் அகன்றனர், அவர் விட்டுச் சென்ற நூல்களும் மணிகளும் கோல்களும் கிடந்தன என்று எழுதி வைத்தார். தம்மைக் காட்டிலும் முன்னவர் உண்டு என்று சொல்வதனால் தம் குலத்துக்கு இழுக்கு வரும் என்று அவர் அஞ்சினாரல்லர்.

அம்மக்களே ஆயிரம் ஆண்டு கழித்து மறுபடியும் பெயர நேர்ந்தது. 1875-இல் அஸ்கியா என்னும் எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதியின் புல்வெளிகளைச் சாம்பலால் மூடிற்று. ஆட்டு மந்தையை நம்பி வாழ்ந்தோர்க்குப் புல் இன்றேல் வாழ்வில்லை. பலர் கனடாவுக்குக் கப்பல் ஏறினர். 1875 அக்டோபர் 21-ஆம் நாள் முதற் கூட்டத்தார் வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கிக் கிம்லி என்னும் ஊரை அமைத்தனர். பனிக்காலம் தொடங்கிவிட்டது, ஏரி மீன் பிடிக்கும் வகையும் அவர் அறியார். மறு ஆண்டு இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்களோடு அம்மை நோயும் வந்தது. 1876-77 பனிக்காலத்தில் குடியேறியோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆயின் அந்நிலமும் வெறுங் காடன்று. சோல்டோ, கிரீ என்னும் தொல்குடியினர் அங்கு வாழ்ந்து வந்தனர். அவருள் யான் ராம்சே என்பவர், தம் இடத்தில் வந்து வீடு கட்டியவரை முதலில் எதிர்த்தார். பின்னர் அவரோடு நட்புப் பூண்டு, வேட்டை இறைச்சி கொடுத்துப் பசி தீர்த்தார். அம்மை அவர் இனத்தாரைப் பெரிதும் அழித்தது. அவர் மனைவி பெட்சியும் மாண்டார். மென்மயிர்த் தோல்களைப் பண்டமாற்றாகக் கொடுத்து ஒரு சலவைக்கல் வாங்கி, மனைவியின் புதைகுழிமேல் ராம்சே நாட்டினார். பல ஆண்டுகள் சென்றன. ராம்சேயும் மறைந்தார், குழியைச் சூழ்ந்த வேலி இற்று வீழ்ந்தது. திரௌஸ்தி விக்புசன் என்னும் ஐஸ்லாந்துத் தச்சர் ஒருவரின் கனவில் ராம்சே தோன்றி, வேலியைச் செப்பனிடுமாறு வேண்டினார் என்றும், அவர் அங்ஙனமே புதிய வேலி இட்டார் என்றும் அவ்வூரார் இன்றும் சொல்வர். கனவு மெய்யோ பொய்யோ. வேலி இட்டது மெய்.

அக்குடியேற்றத்தினின்றும் கிளைத்த சிற்றூர்கள் கனடாவின் புல்வெளியிலும் அமெரிக்காவின் வடதக்கோட்டாவிலும் பல. தக்கோட்டாவினின்றும் பெயர்ந்தோர் 1888 முதல் ஆல்பர்ட்டாவில் ஓர் ஊர் கண்டனர். அது பின்னர் மார்க்கர்வில் எனப் பெயர் பெற்றது. 1891-இல் அவ்வூர்ப் பெண்டிர் ஒரு சங்கம் அமைத்தனர். 1899-இல் கூட்டுறவு முறையில் வெண்ணெய் ஆலை ஒன்று தொடங்கிற்று. 1903-இல் பொது மண்டபம் எழுந்தது. அங்குப் பகலெல்லாம் உழுது, இரவெல்லாம் உறங்காது கவி இயற்றிய உழவர் ஒருவர் 1889 முதல் 1927-இல் இறக்கும் வரை வாழ்ந்தார். ஸ்டீபன் ஸ்டீபன்சன் என்பது அவர் பெயர். 'உறங்கா இரவுகள்' என்பது அவர் கவித்தொகையின் பெயர். அவர் இல்லமும் அவ்வெண்ணெய் ஆலையும் இன்று காட்சியகங்களாகப் பேணப்படுகின்றன.

ஊர் சிறிது; மக்கள் சிலர்; எனினும் பதிவு பெரிது. பதிவுள்ள சிற்றூர் ஆயிரம் ஆண்டு வாழும். பதிவற்ற பேரூர் இரண்டு தலைமுறையில் மறையும்.

5. சிறுவனுக்கு விடை

இனிச் சிறுவன் வினாவுக்கு வருவோம். குறும்பர் எங்கே போயினர்?

ஒரு கோட்டை வீழ்ந்தால் தலைவன் மடிவான். தலைவனைச் சார்ந்தோர் சிலர் ஓடுவர். ஆடு மேய்ப்பவனும், அவன் மனைவியும், மோர் விற்கும் கிழவியும் ஓடுவதில்லை. ஓடுதற்கு அவர்க்கு இடமும் இல்லை. குறும்பர் என்னும் பெயர் கொண்ட குடிகள் நீலமலையிலும் பிற இடங்களிலும் இன்றும் உளர். எஞ்சியோர் இம்மண்ணிலேயே தங்கி, ஆட்டுக்கோலை வைத்து ஏரைப் பிடித்து, புதியவரோடு கொண்டும் கொடுத்தும் கலந்தனர் என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்தும். எட்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே ஏரி நீரைக் குடித்தோருள், இன்னவர் வந்தவர், இன்னவர் இருந்தவர் என்று யாவரே பிரிக்க வல்லார்? நம் உடம்பிலும் குறும்பர் குருதி ஓடுகின்றது என்று ஒருவர் கூறின், அதனை மறுத்தற்கு என்னிடம் ஓலையும் இல்லை, கல்லும் இல்லை.

தலவரலாறே இதனை நமக்கு உணர்த்துகின்றது. பகைவன் கோட்டைத் தூண்களை மன்னன் எரித்துவிடவில்லை. இறைவன் திருமுன் நிறுத்தினான். குறும்பர் எடுத்தனர் என்று சொல்லப்படும் கோட்டைகளின் பெயராலேயே நாட்டுப் பிரிவுகளும் கோட்டம் எனப்பட்டன என்று கதையே ஒப்புகின்றது. புழற்கோட்டம், புலியூர்க் கோட்டம் என்று நம் குலப் பத்திரங்களில் பெருமையோடு எழுதும்பொழுதெல்லாம் நாம் குறும்பரையும் நினைக்கின்றோம். நினைப்பதை அறியாமல் நினைக்கின்றோம். புழலில் ஆதிநாதர்க்குச் சமணக் கோயில் இன்றும் விளங்குகின்றது. திருமுடியின் வடுவைச் சந்தனம் மூடுகின்றதேயன்றி ஆற்றிவிடவில்லை. வடுவை மறவாமைக்கே சந்தனம் சாத்துகின்றோம் என்று யான் பொருள் கொள்கின்றேன்.

மற்றொன்றும் உண்டு. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலை வந்தது. தெற்கினின்றும் மேற்கினின்றும் வடநாட்டினின்றும் மக்கள் வேலை தேடி வந்தனர். நன்செய் மனையாயிற்று, ஏரிகள் சுருங்கின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று. நாம் காணியாளர் என்று சொன்ன ஊர்களில் நம் பெயர் அறிந்தார் இன்று எத்துணையர்? மனை வாங்கிக் குடிவந்த ஒருவர் தம் பேரனுக்கு, "நாங்கள் வந்தபோது இங்கே ஒன்றும் இல்லை, வெறும் பொட்டல்" என்று சொல்லக் கேட்டேன். என் பாட்டனார் மூன்று போகம் விளைத்த கழனியைச் சுட்டியே அவர் அங்ஙனம் சொன்னார். என் உள்ளம் வெந்தது. அன்றே, வெறுங் காடு என்று நாம் பாடிய புழல் நாட்டின் பழைய குடிகட்கு எங்ஙனம் இருந்திருக்கும் என்பதும் எனக்கு விளங்கிற்று.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். அடுத்த ஆண்டு விழாவுக்குள் நாம் ஓர் ஊர்ப் பதிவேடு தொகுத்தல் வேண்டும். பூவிருந்தவல்லி, திருவேற்காடு, அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் சுற்றிலும் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம் போதும். ஊரின் பழைய பெயர், எல்லை, ஏரி, மதகு, கால்வாய், களம், கோயில், காவல் தெய்வம் ஆகியவற்றை எழுதுக. நம் குடும்பங்களை மட்டும் எழுதி முடித்துவிடற்க. ஊர்ச் சேரியில் இருந்தோர், குயவர், வண்ணார், தச்சர், கொல்லர், ஆடு மேய்த்தோர், மசூதியைச் சார்ந்தோர், மாதாகோயிலைச் சார்ந்தோர், ஆலை வேலைக்கு வந்தோர் யாவரையும் அவர்களிடமே சென்று கேட்டு எழுதுக. ஏரிக்கரை யார் கட்டினார் என்ற இடத்தில் கட்டியவர் பெயரும், யார் கட்டுவித்தார் என்ற இடத்தில் கட்டுவித்தவர் பெயரும் நிற்கட்டும். முதியோர் நாள்தோறும் குறைகின்றனர். இப்பணிக்குக் காலந் தாழ்த்தல் ஆகாது. ஓலையோ, பத்திரமோ, புகைப்படமோ வைத்திருப்போர் படி எடுத்துச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகின்றேன். தொகுத்து எழுதும் வேலையை அடியேன் ஏற்றுக்கொள்வேன், கட்டணம் வேண்டேன்.

சிறுவனைச் சென்ற வாரம் வகுப்பில் கண்டேன். "குறும்பர் எங்கும் போகவில்லை, தம்பி, இங்கேயே இருக்கின்றனர்" என்றேன். அவன் சற்று எண்ணி, "அப்படியானால் அவர்கள் பெயரையும் ஏட்டில் எழுதலாமே, ஐயா" என்றான். முதற் பக்கத்தை அவன் கையாலேயே எழுதச் செய்வதாக இசைந்துள்ளேன். அன்பர்கள் துணை நிற்க.